முரசு கொட்டிய சிறுவன்

தலைநகரில் வாழும் தமிழர்கள், ஜனவரித் திங்கள் 29-ஆம் நாள் மாலையில் விஜய் சௌக்கில் நடைபெறும் நிகழ்ச்சியை நன்கு அறிவர். ‘பீட்டிங் ரிட்ரீட்’ என்பது அதன் பெயர். குடியரசு நாள் விழாக்கள் அத்துடன் நிறைவு பெறுகின்றன. பொழுது சாய்ந்ததும் போரை நிறுத்திப் பாசறைக்குத் திரும்புமாறு படைகளுக்கு முரசொலியால் அறிவித்த பழைய வழக்கமே இன்று இசைவிழாவாக நின்று நிலவுகிறது. மற்ற நகரங்களில் இருப்போர் இதனைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அங்கே சென்றிருந்தோம். உடன் நம் பிள்ளையும் வந்திருந்தான். அப்பொழுது அவனுக்கு வயது 9. மற்றக் கருவிகள் எல்லாம் அடங்க, முரசுக்காரர்கள் மட்டும் தனித்துக் கொட்டும் கட்டம் வந்தது. குளிரையும் மறந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, திடீரென்று திரும்பி, ‘அப்பா, சண்டை வந்தால் இவர்கள் சுடுவார்களா, கொட்டுவார்களா?’ என்று கேட்டான். அரசாங்கச் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்தே காலம் கழிக்கும் நமக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை. ‘வீட்டுக்குப் போய்ச் சொல்லுகிறேன்’ என்று கூறித் தப்பித்துக்கொண்டோம். பின்னர் நூல்களைப் புரட்டியபோது, அதே 9 வயதில் முரசை நாடி வீட்டை விட்டு ஓடிய ஒரு சிறுவன் எதிர்ப்பட்டான். அவனுடைய கதையைத்தான் இன்று நேயர்களுக்குக் கூற விழைகிறோம்.

அச்சிறுவன் அமெரிக்க நாட்டவன். ஜான் க்ளெம் என்பது அவன் பெயர். அவனது வாழ்க்கையைக் கூறுமுன், அவன் புகுந்த போரைப் பற்றிச் சில சொற்கள் கூறியாக வேண்டும்.

1860-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் மக்கள் அடிமைகளாக இருந்தனர். தென் மாநிலங்களின் பருத்திச் செல்வம் அவர்களுடைய உழைப்பின் மீதே எழுந்து நின்றது. அவ்வாண்டு நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உடனே தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து, தனிக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்துக்கொண்டன. 1861 ஏப்ரல் 12 அன்று, தென் கரோலினாவிலிருந்த சம்டர் கோட்டையின் மீது அக்கூட்டமைப்பின் பீரங்கிகள் முழங்கின. நான்கு ஆண்டுகள் நடந்த அப்போரில் மாண்டவர் 6,20,000 பேர் என்று நெடுங்காலம் கணக்கிட்டு வந்தனர். பிற்கால ஆய்வுகள் அத்தொகையை 7 லட்சத்தின் அளவுக்கு உயர்த்தியுள்ளன. 1865-ஆம் ஆண்டின் இறுதியில் அரசமைப்பின் 13-ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது.

அக்காலத்துக் காலாட்படைக்கு முரசே நாவாக இருந்தது. விடியலில் துயிலெழுப்புவதும், உணவுக்கு அழைப்பதும், அணிவகுக்கச் செய்வதும், இரவில் விளக்கணைக்கச் சொல்வதும் முரசின் வேலை. பகைவர் திடீரெனத் தாக்க வந்தால், இடைவிடாது உருளும் நெடுங்கொட்டு ஒன்று உண்டு. அதைக் கேட்டதும் பாசறை முழுவதும் ஆயுதமேந்தி எழ வேண்டும். போர்க்களத்தில் கருமருந்துப் புகை கவிந்து கொடி கண்ணுக்குத் தெரியாமல் மறையும். தலைவனின் குரலும் எட்டாது. அப்பொழுது முன்னேறு, பின்வாங்கு, சுடு, நிறுத்து என்னும் கட்டளைகளை முரசின் தாளத்தால் தெரிவிப்பர். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தாளம். அவற்றையெல்லாம் கொட்டுபவன் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

முரசின் உடல் மரத்தாலானது. இரு முகங்களிலும் கன்றுத்தோல் போர்த்து, கயிறுகளால் இறுக்கியிருப்பர். மழை பெய்தால் தோல் தளர்ந்து ஒலி மங்கிவிடும். தோளில் வார் மாட்டி இடுப்பருகே தொங்கவிட்டு நடக்க வேண்டும். சிறு பிள்ளைகள் நடக்கும்போது அது முழங்காலில் இடித்துக்கொண்டே வரும். நம் மொழியில் முரசு என்றால் அரண்மனை வாயிலில் கட்டிலேற்றி வைத்த பெருங்கருவியே நினைவுக்கு வரும். இது அத்தகையது அன்று. வேறு பொருத்தமான சொல் கிட்டாமையால் முரசு என்றே வழங்குகிறோம்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முரசுக்காரனும் ஒரு குழலூதியும் வேண்டியிருந்தனர். ஒரு படையணியில் பத்துக் கம்பெனிகள் இருந்தால் இருபது பேர் வேண்டும். பெரியவர்களைத் துப்பாக்கி ஏந்தச் செய்துவிட்டு, இப்பணிக்குச் சிறுவர்களைத் தேடினர். 12 வயதும் அதற்கு மேலும் உள்ள சிறுவர்களை இசைப் பயிற்சிக்கெனச் சேர்த்துக்கொள்ள, 1861-ஆம் ஆண்டின் படைவிதிகள் இடமளித்தன. நியூயார்க் துறைமுகத்தை அடுத்த கவர்னர்ஸ் தீவில் அவர்களுக்குப் பயிற்சிப் பள்ளியும் இருந்தது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொற்களின் மீது ஓர் ஐயம் எப்பொழுதும் உண்டு. படைப்பட்டியலில் இச்சிறுவர்களைப் ‘போர்வீரர்’ என்று எழுதவில்லை. ‘இசைஞர்’ என்று எழுதினர். 18 வயது நிரம்பாதவனைப் போர்வீரனாக்க விதி தடுத்தது, இசைஞனாக்கத் தடுக்கவில்லை. ‘அவன் சண்டையிடப் போகவில்லை, கொட்டத்தான் போகிறான்’ என்ற ஆறுதலுடன் எத்தனையோ பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்தனர். அந்த ஆறுதல் எவ்வளவு தூரம் உண்மையாயிற்று என்பதையே நாம் காண வேண்டும்.

ஜான் க்ளெம் 1851 ஆகஸ்டு 13 அன்று ஓஹையோ மாநிலத்தின் நியூவார்க் என்னும் ஊரில் பிறந்தான். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய மக்களின் வழிவந்த குடும்பம். குடும்பப் பெயரின் முதலெழுத்தை அவன் பின்னாளில் ஆங்கில வழக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டான். தமிழில் எழுதும்போது அந்த வேறுபாடு புலப்படாது. இரண்டும் ‘க்ளெம்’ என்றே வரும். ஜோசப் என்றிருந்த நடுப்பெயரையும் லிங்கன் மீது கொண்ட பற்றினால் லிங்கன் என்று மாற்றிக்கொண்டான். வேற்றிடத்தில் வாழ்பவர்கள் தம் பெயரை அயலாரின் நாவுக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்வதை அறிந்த நம் நேயர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

அவனுடைய தாய் ஓர் இரயில் விபத்தில் இறந்துபோனார். 1861-ஆம் ஆண்டு மே மாதம், போர் மூண்ட சில வாரங்களில், 9 வயதுச் சிறுவன் வீட்டை விட்டு வெளியேறினான். முதலில் ஓஹையோவின் மூன்றாம் படையணியை அணுகினான். ‘குழந்தைகளைச் சேர்ப்பதில்லை’ என்று திருப்பி அனுப்பினர். அவன் தளரவில்லை. பின்னர் மிச்சிகன் மாநிலத்தின் இருபத்திரண்டாம் படையணியைப் பற்றிக்கொண்டான். அவர்களும் முதலில் மறுத்தனர். ஆயினும் அவன் பின்தொடர்ந்து சென்றுகொண்டே இருந்தான். இறுதியில் அதிகாரிகள் மனமிளகி, அவனைத் தம்முடன் வைத்துக்கொண்டனர். பட்டியலில் பெயரில்லாதவனுக்கு அரசு சம்பளம் தராதன்றோ? எனவே அதிகாரிகள் தம் கைப்பணத்தைச் சேர்த்து, ஒரு படைவீரனுக்குரிய மாதச் சம்பளமான 13 டாலரை அவனுக்குக் கொடுத்து வந்தனர். அளவு பார்த்துச் சீருடையும் தைத்துக் கொடுத்தனர். 1863 மே மாதத்தில் அவன் முறைப்படி படையில் சேர்க்கப்பட்டான். அப்பொழுதும் அவனுக்கு 12 வயது நிரம்பவில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சிந்திக்க வேண்டும். அந்த அதிகாரிகள் கொடியவர்கள் அல்லர். தாயற்ற பிள்ளையிடம் அன்பு காட்டினர், உணவளித்தனர், செல்லம் கொடுத்தனர். அந்த அன்பே அவனைப் போர்க்களத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தியது.

1863 செப்டம்பர் இறுதிப் பகுதியில் ஜார்ஜியா மாநிலத்தில் சிக்கமாகா என்னும் ஓடையின் அருகே பெரும்போர் நிகழ்ந்தது. இருதரப்பிலும் மாண்டவர், காயமுற்றவர், காணாமற்போனவர் ஆகியோரின் தொகை ஏறத்தாழ 34,000. க்ளெமுக்கு அப்பொழுது வயது 12. அவன் கையில் அன்று முரசு இல்லை. அவனுடைய உயரத்துக்கு ஏற்பக் குழலை அறுத்துக் குறுக்கிய துப்பாக்கி ஒன்று இருந்தது. செப்டம்பர் 20 அன்று வடபடை நிலைகுலைந்து பின்வாங்கியது. அப்பொழுது எதிரிப்படையின் கர்னல் ஒருவர் குதிரையில் வந்து சரணடையுமாறு கூவினார் என்றும், சிறுவன் துப்பாக்கியை உயர்த்தி அவரைச் சுட்டுவிட்டுத் தப்பினான் என்றும் கதை கூறுகிறது. அவன் சார்ஜெண்ட் பதவிக்கு உயர்த்தப்பட்டான். சீருடையில் எடுத்த அவனுடைய புகைப்படம் நாடெங்கும் விற்பனையாயிற்று. ‘சிக்கமாகாவின் முரசுச் சிறுவன்’ என்னும் பெயர் பரவியது.

நம் பிள்ளையின் கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது. கொட்டுவதற்கென்று சென்றவன் சுட்டான். 12 வயதில் ஒரு மனிதரைச் சுட்டதற்காக நாடே அவனைப் பாராட்டியது.

அடுத்த மாதமே அவன் ஜார்ஜியாவில் எதிரியின் குதிரைப்படையிடம் சிறைப்பட்டான். அவனிடமிருந்த சீருடையையும், மூன்று குண்டுகள் துளைத்த தொப்பியையும் அவர்கள் பறித்துக்கொண்டனர். தொப்பி போனதுதான் அவனைப் பெரிதும் வருத்தியது என்பர். தென்னாட்டுச் செய்தித்தாள்களோ, பால்மணம் மாறாத பிள்ளைகளை அனுப்பும் நிலைக்கு வடவர் தாழ்ந்துவிட்டனர் என்று எள்ளி நகையாடின. வடக்கில் அவன் வீரத்துக்குச் சான்று. தெற்கில் இழிவுக்குச் சான்று. அவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற பேச்சு இருபுறத்திலும் பெரிதாக எழவில்லை. கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலை பெற்று, மீண்டும் படைக்கே திரும்பினான். இருமுறை காயமுற்றான். 1864 செப்டம்பரில் அவன் படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது வயது 13.

புகழ் வளர வளர, கதையும் உடன் வளர்ந்தது. 1862 ஏப்ரலில் டென்னசி மாநிலத்தில் நடந்த ஷைலோ போரில், பீரங்கிக் குண்டு ஒன்று க்ளெமின் முரசை நொறுக்கியது என்றும், அதனால் அவனுக்கு ‘ஜானி ஷைலோ’ என்று பெயர் வந்தது என்றும் பிற்காலத்தில் கூறலாயினர். 1963-இல் டிஸ்னி நிறுவனம் அப்பெயரிலேயே தொலைக்காட்சிப் படமும் எடுத்தது. ஆனால் மிச்சிகனின் இருபத்திரண்டாம் படையணி முறைப்படி அமைந்ததே 1862 ஆகஸ்டில்தான். ஏப்ரலில் நடந்த போரில் ஆகஸ்டில் பிறந்த படையணி எவ்வாறு நின்றிருக்க முடியும்? ஷைலோவின் முரசுச் சிறுவனைப் பற்றி 1863-இல் ஒரு பாடல் வெளிவந்து வீடுதோறும் பரவியிருந்தது. பாடலின் பெருமையைப் பின்னர் க்ளெமுக்குச் சூட்டிவிட்டனர் போலும். அப்பாடலில் வரும் சிறுவன் களத்திலேயே இறந்துபோகிறான். க்ளெம் உயிருடன் திரும்பியவன். இறந்தவனின் பாடலை உயிரோடிருந்தவன் பெற்றுக்கொண்டான்.

பாடலில் இறந்தவன் கற்பனைச் சிறுவன். உண்மையில் இறந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவனை இங்கே குறிப்பிட வேண்டும்.

சார்லி கிங் என்பவன் பென்சில்வேனியா மாநிலத்தின் வெஸ்ட் செஸ்டர் என்னும் ஊரைச் சேர்ந்தவன். முரசு கொட்டுவதில் வல்லவன். 12 வயதில் படையில் சேர விரும்பினான். தந்தை இசையவில்லை. அப்பொழுது கேப்டன் ஒருவர் தந்தையைச் சந்தித்து, முரசுக்காரர்கள் போர் நடக்கும்போது பின்னணியில் நின்று காயமுற்றோரைத் தூக்கும் பணியையே செய்வர். ஆபத்து அணுகாது என்று எடுத்துரைத்தார். தந்தை உடன்பட்டார். கேப்டன் பொய் கூறினார் என்று சொல்ல முடியாது. விதிப்படியும் வழக்கப்படியும் அவர் கூறியது மெய்யே. 1862 செப்டம்பர் 17 அன்று மேரிலாந்து மாநிலத்தில் ஆன்டீட்டம் என்னும் இடத்தில் போர் நிகழ்ந்தது. அந்த ஒரே நாளில் இருதரப்பிலும் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டோ காயமுற்றோ காணாமலோ போயினர். பின்னணியில் நின்றுகொண்டிருந்த சார்லியை அங்கே வந்து விழுந்த பீரங்கிக் குண்டு வீழ்த்தியது. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 20 அன்று அவன் உயிர் நீத்தான். வயது 13. அப்போரில் மாண்ட படையினர் அனைவரிலும் இளையவன் அவனே என்று கூறுவர்.

பீரங்கிக் குண்டுக்கு முன்னணி ஏது, பின்னணி ஏது? தந்தைக்குக் கேப்டன் அளித்த வாக்கில் பிழை இல்லை. அந்த வாக்கைக் காக்கும் ஆற்றல்தான் அவரிடம் இல்லை.

பின்னணியில் இருந்த சிறுவர்கள் பிழைத்தாலும், அவர்கள் கண்ட காட்சிகள் எளியவை அல்ல. போர் தொடங்கியதும் முரசைக் கீழே வைத்துவிட்டு, காயமுற்றோரைத் தூக்குக்கட்டிலில் சுமந்து வருவது அவர்களுடைய கடமை. கள மருத்துவமனையில் தண்ணீர் சுமப்பதும், அறுவை மருத்துவர்களுக்கு ஏவல் செய்வதும் அவர்களே. வெட்டியெடுத்த கைகால்களை அகற்றும் பணியும் அவர்கள் தலையில் விழுந்தது. முரசேந்தி நிற்கும் சிறுவனின் அழகிய படங்களில் இவை இடம் பெறுவதில்லை.

பரிசு பெற்ற சிறுவர்களும் இருந்தனர். வெர்மாண்ட் மாநிலத்துப் படையணியைச் சேர்ந்த வில்லி ஜான்ஸ்டன், 1862 கோடையில் ரிச்மண்டு அருகே ஏழு நாட்கள் நடந்த போர்களின்போது, பின்வாங்கும் படையில் மற்றவர்கள் சுமைகளை எறிந்துவிட்டு ஓட, தன் முரசை மட்டும் கைவிடாமல் சுமந்து வந்தான். அதற்காக 1863-இல், 13 வயதில், நாட்டின் உயரிய படைவிருதான கௌரவப் பதக்கத்தைப் பெற்றான். அதனைப் பெற்றவர்களில் இன்றுவரை இளையவன் அவனே. இல்லினாய் மாநிலத்தின் ஐம்பத்தைந்தாம் படையணியைச் சேர்ந்த 14 வயது ஓரியன் ஹோ, 1863 மே 19 அன்று விக்ஸ்பர்க் முற்றுகையில், குண்டுக் கையிருப்பு தீர்ந்துவிட்ட செய்தியைச் சொல்லத் திறந்த வெளியில் ஓடினான். காலில் குண்டு பாய்ந்த பின்னும் நிற்காமல் ஜெனரல் ஷெர்மனிடம் செய்தியைச் சேர்த்தான். அவனுக்கு 1896-இல் பதக்கம் வந்தது. இவர்களின் அஞ்சாமையை நாம் குறைத்துக் கூறவில்லை. 11 வயதில் வில்லியும் 14 வயதில் ஓரியனும் காட்டிய துணிவு பெரியவர்களுக்கும் அரிது. அவர்களை அவ்விடத்தில் கொண்டு நிறுத்தியவர்களைப் பற்றியே நம் கேள்வி.

பெற்றோர்கள் எல்லாரும் வாளாவிருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 18 வயது நிரம்பாத மகனைத் திரும்பப் பெறுவதற்காக நீதிமன்றப் படியேறிய தாய் தந்தையர் பலர். ஆட்கொணர்வு மனுவின் வழியே சில பிள்ளைகள் மீண்டனர். இதனைத் தடுக்கவோ என்னவோ, 1862 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. படையில் சேருபவன் தன் வயதைப் பற்றிச் சத்தியம் செய்து கூறுவதே முடிவானது என்று அச்சட்டம் வகுத்தது. பெற்ற தாய் ‘என் மகனுக்கு வயது 15’ என்று கதறினாலும், மகன் ‘18’ என்று சத்தியம் செய்திருந்தால் அதுவே செல்லும். அவ்வாண்டு செப்டம்பரில் லிங்கன் ஆட்கொணர்வு உரிமையை நாடு முழுவதும் பலவகை வழக்குகளில் நிறுத்திவைத்ததும், அந்த வாயிலும் குறுகியது.

சிறுவர்கள் எவ்வாறு சத்தியம் செய்தனர் என்பதற்கு ஒரு கதை வழங்குகிறது. ஒரு காகிதத்தில் 18 என்று எழுதிக் காலணிக்குள் வைத்துக்கொள்வார்களாம். அதிகாரி வயது கேட்டால், ‘நான் 18-க்கு மேல்’ என்பார்களாம். காலடியில் 18 இருக்க, அதன் மேல் நிற்பவன் கூறுவது பொய்யாகாதே! ஆங்கிலத்தில் பிறந்த இச்சிலேடை தமிழிலும் அப்படியே அமைந்துவிடுவது மொழிபெயர்ப்பாளனுக்கு வாய்த்த அரிய பேறு. இதனைக் கதை என்றே கொள்ள வேண்டும். கேட்கும்போது சிரிப்பு வருகிறது. பிள்ளைக்குப் பொய் சொல்ல அச்சம். அதனால் காகிதத்தைத் தேடுகிறான். சாவைப் பற்றிய அச்சம் இன்னும் அவனுக்கு வரவில்லை. அந்த வயதின் இயல்பே அதுதான்.

வடபடையில் பத்தில் ஒருவர் 18 வயது நிரம்பாதவர் என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். போர் முடியும் தறுவாயில், 1864-இல், 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் விதித்தது. சார்லி கிங் இறந்து அப்பொழுது ஈராண்டுக் காலம் ஆகியிருந்தது.

க்ளெமின் பிற்கால வாழ்க்கையையும் கூறி முடிப்போம். போரிலிருந்து மீண்ட பிள்ளை, சொந்த ஊருக்குத் திரும்பிப் பள்ளியில் சேர்ந்தான். 1870-இல் பள்ளிப் படிப்பை முடித்தான். பின்னர் வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரியில் சேர முயன்று, நுழைவுத் தேர்வில் தோல்வியுற்றான். இந்த ஒரு செய்தியில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. மற்றப் பிள்ளைகள் கணக்கும் இலக்கணமும் கற்ற ஆண்டுகளில் அவன் பாசறையில் இருந்தான். அந்த ஆண்டுகளை யாராலும் அவனுக்குத் திருப்பித் தர முடியவில்லை. குடியரசுத் தலைவராயிருந்த கிராண்ட், 1871-இல் அவனை நேரடியாகவே இரண்டாம் லெப்டினன்ட் பதவியில் அமர்த்தினார். கறுப்பின வீரர்களைக் கொண்ட இருபத்துநான்காம் காலாட்படையில் அவர் பணி தொடங்கியது. (இனி அவரை ‘அவர்’ என்றே கூற வேண்டும், வயது வந்துவிட்டதன்றோ!) பிற்பாடு படைக்கு வேண்டிய உணவு, உடை, போக்குவரத்து ஆகியவற்றைக் கவனிக்கும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றினார். முதல் மனைவி இறந்தபின் அவர் மணந்துகொண்டவர், தென்னணியில் போரிட்ட ஒரு வீரரின் மகள். 12 வயதில் யாரை நோக்கித் துப்பாக்கி உயர்த்தினாரோ அவர்களுடைய குடும்பத்திலேயே மருமகனாகப் புகுந்தார். 1915-இல் தம் 64-ஆம் பிறந்த நாளில் ஓய்வு பெற்றபோது, உள்நாட்டுப் போரில் பங்கு கொண்டு அதுவரை பணியில் இருந்த கடைசி மனிதர் அவரே. அடுத்த ஆண்டு மேஜர் ஜெனரல் என்னும் நிலையும் வழங்கப்பெற்றது. 1937 மே 13 அன்று, டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில், 85 வயதில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவருடைய உடல் துயில்கிறது.

ஒரு நல்ல வாழ்க்கை, மறுப்பதற்கில்லை. ஆனால் இவ்வொரு வாழ்க்கையின் ஒளியில் மற்றவை மறைந்துவிடுகின்றன. 13 வயதில் இறந்தவன் மேஜர் ஜெனரலாகி நினைவுரை கூற முடியாது. உயிர் பிழைத்தவனின் கதையைக் கேட்டே அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் முரசின் மீது ஆசை கொள்கின்றனர்.

‘கொட்டத்தானே போகிறான்’ என்ற பழைய ஆறுதலை உலகம் இப்பொழுது ஏற்பதில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் போரில் நேரடியாக ஈடுபடாமல் அரசுகள் காக்க வேண்டும் என்னும் உடன்படிக்கையை 2000-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்றது. நம் நாடு 2005-இல் அதனை உறுதி செய்தது. 2007-இல் பாரிஸ் மாநகரில் வகுத்த கொள்கைகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. ஆயுதம் ஏந்திய பிள்ளைகள் மட்டுமன்றி, படைக்குச் சமைப்பவர், சுமை தூக்குபவர், செய்தி கொண்டுசெல்பவர், ஒற்றறிபவர் ஆகிய சிறுவர் சிறுமியர் அனைவரையும் ஒரே வகையில் வைத்துக் காக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. அந்த வரையறையில் ஓரியன் ஹோவும் அடங்குவான். சார்லி கிங்கும் அடங்குவான். எழுத்தில் உள்ளது நிலத்தில் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. உலகின் பல மூலைகளில் பிள்ளைகள் இன்றும் படைகளின் பின்னே செல்கின்றனர். எனினும், ‘இசைஞர்’ என்ற சொல்லின் பின்னே ஒளிந்துகொள்ள ஒரு காலத்தில் இருந்த வழி, எழுத்தளவிலேனும் அடைபட்டுவிட்டது.

விஜய் சௌக்கில் முரசு கொட்டியவர்கள் முறையாகப் பயின்ற, வயது வந்த படையினர். அதைப் பிள்ளையிடம் முதலில் எடுத்துக் கூறினோம். பிறகு ஜான் க்ளெமின் கதையைச் சொன்னோம். ஆவலுடன் கேட்டான், மூன்று குண்டு துளைத்த தொப்பி அவனை மிகவும் கவர்ந்தது. க்ளெமுடன் நிறுத்தியிருந்தால் அவனும் முரசுக் கனவுடன் உறங்கியிருப்பான். ஆகவே சார்லி கிங்கின் கதையையும் சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, ‘அந்த அப்பா பிறகு என்ன செய்தார்?’ என்று கேட்டான்.

அக்கேள்விக்கு நூல்களைப் புரட்டப் போகவில்லை. தந்தையாயிருப்பவர் எவருக்கும் அதற்கு விடை தெரியும்.